உலோகத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு தட்டு ஜவ்வரிசியில் விடை

எர்த் இணைப்புக்கு வாங்கும் செம்புக் கம்பியில் பென்சில் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் தடிமன் போதும். பிளாஸ்டிக் உறை இருந்தால் முழுவதும் உரித்துவிடுங்கள். புதுக் கம்பி என்றால் விரல்களாலேயே வளைக்கலாம். நடுவில் நன்றாக மடக்குங்கள். பிறகு பழையபடி நேராக்கிப் பாருங்கள்.

மடங்கிய இடம் நிமிராது. அதற்கு இரு பக்கமும் உள்ள பகுதிதான் உங்கள் விரலுக்கு இணங்கி வளையும். எவ்வளவு முயன்றாலும் நேரான கம்பி திரும்பக் கிடைக்காது. நெளிநெளியாக ஒன்றுதான் மிஞ்சும். ஒரே ஒரு முறை வளைத்ததற்கே அந்த இடம் மட்டும் அக்கம்பக்கத்தைவிட இறுகிவிட்டது.

இப்போது அந்தக் கம்பியை இடுக்கியால் பிடித்து, காஸ் அடுப்பின் நீலச் சுடரில் மங்கலாகச் சிவக்கும்வரை காட்டுங்கள். நன்றாக ஆறியபின் வளைத்துப் பாருங்கள். முதலில் இருந்த மென்மை திரும்பியிருக்கும்.

கம்பியில் நாம் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவும் இல்லை. வளைத்தபோதும் செம்பு, சுட்டபோதும் அதே செம்பு. அப்படியானால் இறுகியது எது? இளகியது எது? விடை செம்பு அணுக்களில் இல்லை. அவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில், அந்த அடுக்கில் உள்ள குறைகளில் இருக்கிறது. உலோகத்தை வளைய விடுவதும் குறைதான், வளையாமல் தடுப்பதும் குறைதான். இது எப்படி என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், அடுக்களையே போதும்.

தேவையானவை

விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டு ஒன்று. ஜவ்வரிசி இரண்டு கைப்பிடி. மிளகு நாலைந்து. பெரிய ரகக் கடுகு ஒரு சிட்டிகை. தோசைத் திருப்பி ஒன்று.

தட்டில் ஒரு படிகம்

ஜவ்வரிசியைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தட்டை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். தாறுமாறாகக் கிடந்தவை கொஞ்ச நேரத்தில் தாமாகவே வரிசை கட்டும். உற்றுப் பார்த்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு ஜவ்வரிசியையும் சுற்றி ஆறு ஜவ்வரிசிகள் ஒட்டி நிற்பது தெரியும். யாரும் கையால் அடுக்கவில்லை. ஒரே அளவுள்ள உருண்டைகள் நெருங்கி அமர இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பதால் வந்த ஒழுங்கு இது.

உருகிய செம்பு ஆறும்போதும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு ஜவ்வரிசியும் ஒரு செம்பு அணு. தட்டில் ஒரே ஓர் அடுக்கு. செம்பில் இப்படி அடுக்கின்மேல் அடுக்காக இருப்பதால், பக்கத்தில் ஆறு, மேலே மூன்று, கீழே மூன்று என ஓர் அணுவைத் தொட்டுக்கொண்டு 12 அணுக்கள் இருக்கும். ஒழுங்காக அடுக்கிய இந்த அமைப்புக்குத்தான் படிகம் என்று பெயர். கற்கண்டைப் போல உலோகம் பளிச்சென்று முகம் காட்டுவதில்லை என்றாலும் அதுவும் படிகமே. ஒரு செம்பு அணுவின் மையத்துக்கும் பக்கத்து அணுவின் மையத்துக்கும் இடையே 0.256 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 39 லட்சம் அணுக்கள் வரிசையில் நிற்கும்.

தட்டுக்கும் உலோகத்துக்கும் ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைக்க வேண்டும். ஜவ்வரிசிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. உலோக அணுக்கள், தங்களுக்குப் பொதுவாக உலவும் எலக்ட்ரான்களால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி எந்தத் திசைக்கும் கட்டுப்பட்டதல்ல. பக்கத்து அணு மாறினாலும் பிடி மாறாது. உலோகம் உடையாமல் வளைவதற்கு இது முக்கியம்.

இனி தட்டில் உள்ள குறைகளைத் தேடுங்கள். மூன்று வகை கண்ணில் படும். சில இடங்களில் ஒரு ஜவ்வரிசி இருக்க வேண்டிய குழி காலியாக இருக்கும். இது காலியிடம். இன்னும் சில இடங்களில் இரண்டு திட்டுகள் சந்திக்கும். ஒரு திட்டின் வரிசைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அடுத்ததன் வரிசைகள் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். நடுவே ஒழுங்கற்ற தையல் போல ஒரு கோடு ஓடும். திட்டு ஒவ்வொன்றும் ஒரு படிகத் துகள், தையல்தான் துகள் எல்லை. மூன்றாவது வகை சற்று ஒளிந்திருக்கும். ஒழுங்கான திட்டுக்குள்ளேயே ஒரு வரிசை பாதி தூரம் வந்து நின்றுவிட்டிருக்கும். கதையின் நாயகன் அதுதான். அதற்கு வருமுன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கு சொன்னது வேறு, கம்பி சொன்னது வேறு

உலோகம் வளைகிறது என்றால் உள்ளே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன என்று பொருள். குறையே இல்லாத ஒரு திட்டைத் தட்டில் தேர்ந்தெடுத்து, அதன் மேல்பாதியைக் கீழ்பாதியின்மீது ஓர் உருண்டை தூரம் நகர்த்த முயலுங்கள். எல்லைக்கோட்டில் உள்ள ஒவ்வொரு ஜவ்வரிசியும் தன் குழியிலிருந்து ஒரே நேரத்தில் எழும்பி அடுத்த குழிக்குள் இறங்க வேண்டும். பத்து ஜவ்வரிசிக்கே விரல் அழுத்த வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான அணுக்கள் ஒருசேர எழும்ப எவ்வளவு விசை தேவை?

1926இல் சோவியத் இயற்பியலாளர் யாகவ் ஃப்ரெங்கல் இதைக் கணக்கிட்டார். அவர் வழியில் செம்புக்குக் கிடைக்கும் விடை சுமார் 7,000 மெகாபாஸ்கல். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பை நழுவ வைக்க ஏறக்குறைய 700 கிலோ எடையின் விசை. ஆனால் ஒற்றைப் படிகமாக வளர்த்த சுத்தமான செம்பு, ஆய்வுக்கூடத்தில் ஒரு மெகாபாஸ்கல் அளவிலேயே நழுவத் தொடங்கிவிடுகிறது. அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வெறும் 100 கிராம். கணக்கைப் பின்னாளில் நுணுக்கமாகத் திருத்தினார்கள். அப்போதும் இடைவெளி ஆயிரம் மடங்குக்கு மேல் நின்றது.

இயற்பியலில் 10 சதவீதம் பிசகினால் அளவீட்டைச் சந்தேகிக்கலாம். ஆயிரம் மடங்கு பிசகினால் நம் மனச்சித்திரமே தவறு. அணுக்கள் எல்லாம் ஒருசேர நழுவுகின்றன என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியிருந்தது.

பாதியில் நின்ற வரிசை

தட்டுக்குத் திரும்புவோம். ஒழுங்கான ஒரு திட்டில், ஒரு வரிசையின் மேல்பாதியை மட்டும் விரல் நுனியால் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் மெல்ல நெருக்கி இடைவெளியை மூடுங்கள். மேலே ஒரு வரிசை குறைவு, கீழே எல்லா வரிசையும் இருக்கிறது. ஆகக் கீழிருந்து வரும் ஒரு வரிசை நடுவழியில் முடிந்துபோகும். முடியும் இடத்தைச் சுற்றி நாலைந்து ஜவ்வரிசிகள் மட்டும் சரியாக அமராமல் தடுமாறி நிற்கும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காகத் தெரியும்.

இந்தக் குறைக்கு இடப்பிறழ்வு என்று பெயர். தட்டில் அது ஒரு புள்ளி. அடுக்கின்மேல் அடுக்காக உள்ள நிஜப் படிகத்தில் அந்தப் புள்ளி ஒவ்வோர் அடுக்கிலும் தொடர்ந்து, ஒரு கோடாக ஓடும். பாதித் தளம் ஒன்று படிகத்துக்குள் செருகி நிற்க, அதன் விளிம்புதான் அந்தக் கோடு. திருகுபடி போலச் சுற்றும் இன்னொரு வகையும் உண்டு. டச்சு அறிஞர் யான் பர்கர்ஸ் 1939இல் அதை விவரித்தார். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

இப்போது தோசைத் திருப்பியின் விளிம்பால் மேல்பாதித் திட்டைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். கவனிக்க வேண்டியது முடிந்துபோன அந்த வரிசையின் நுனியை. நுனியில் நிற்கும் ஜவ்வரிசி அரை உருண்டை தூரம்கூட நகர்ந்திருக்காது. ஆனால் பக்கத்து வரிசையின் மேல்பாதி அதனோடு சேர்ந்துகொள்ளும். இதுவரை முழுதாக இருந்த பக்கத்து வரிசை அறுபட்டு, அது பாதி வரிசையாகிவிடும். குறை ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் அடுத்த இடம். இப்படியே போய்த் திட்டின் ஓரத்தில் அது வெளியேறும்போது, மேல்பாதி முழுவதும் கீழ்பாதியின்மீது சரியாக ஓர் உருண்டை நகர்ந்திருக்கும்.

நழுவலின் ரகசியம் இவ்வளவுதான். எல்லா அணுக்களும் ஒருசேர எழும்ப வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் கோட்டை ஒட்டிய சில அணுக்கள் சிறிது அசைந்தால் போதும். கோடு படிகத்தைக் கடந்து முடிக்கும்போது, ஒருசேர நழுவினால் என்ன விளையுமோ அதுவே விளைந்திருக்கும், ஆயிரத்தில் ஒரு பங்கு விசையில்.

1934இல் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர், ஹங்கேரியரான எகோன் ஓரோவான், மைக்கேல் போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் இடப்பிறழ்வைக் கண்ணால் பார்த்ததில்லை. உலோகம் இப்படி நடந்துகொள்ள வேண்டுமென்றால் உள்ளே இப்படி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற தருக்கம் மட்டுமே அவர்களிடம் இருந்தது.

பீங்கான் கோப்பையும் படிகங்களால் ஆனதுதான். அதிலும் இடப்பிறழ்வுகள் உண்டு. ஆனால் அங்கே அணுக்களின் பிணைப்பு திசைக்கும் மின்னூட்டத்துக்கும் கட்டுப்பட்டது. பக்கத்து அணு மாறினால் பிடி விட்டுவிடும். அதனால் அறை வெப்பத்தில் இடப்பிறழ்வு நகர்வது மிகக் கடினம். விசை தாங்காமல் போகும்போது பீங்கான் வளைவதற்குப் பதில் விரிசல் விடுகிறது. கீழே விழுந்த செம்பு நசுங்குகிறது, கோப்பை உடைகிறது.

கண்ணால் கண்ட ஆண்டு

முதல் சான்றுகள் மறைமுகமாக வந்தன. 1947இல் லாரன்ஸ் பிராக், ஜான் நை இருவரும் சோப்புக் கரைசலின்மீது ஒரே அளவுள்ள ஆயிரக்கணக்கான குமிழிகளை மிதக்கவிட்டு, தட்டில் நாம் பார்த்த அத்தனை குறைகளும் அதில் தோன்றி நகர்வதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹெர்ரிங், கால்ட் இருவரும் வெள்ளீயப் பூச்சில் தானாக முளைக்கும் மைக்ரான் தடிமனுள்ள மயிரிழைகளை வளைத்துப் பார்த்தார்கள். சாதாரண வெள்ளீயம் நிலைகுலைந்துவிடும் அளவைவிட மிகப் பெரிய வளைவுக்குப் பின்னும் அவை நிமிர்ந்தன. அவற்றின் பலம் கோட்பாட்டுக் கணக்கை நெருங்கியது. அவ்வளவு மெல்லிய இழையில் நகர்வதற்கு இடப்பிறழ்வே ஏறக்குறைய இல்லை. குறை இல்லாவிட்டால் உலோகம் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதை அந்த இழைகள் காட்டின.

நேரடிச் சான்று 1956இல் கிடைத்தது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ஹிர்ஷ், ராபர்ட் ஹார்ன், மைக்கேல் வேலன் மூவரும் எலக்ட்ரான் கதிர் ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மெல்லியதாக்கிய அலுமினியத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தார்கள். திரையில் கருங்கோடுகள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்தன, படிகத் தளங்களின் திசையிலேயே நகர்ந்தன. 22 ஆண்டுகள் தாளில் மட்டும் இருந்த கோடு, படத்தில் ஓடியது. ஜெனீவாவில் வால்டர் போல்மன் அதே ஆண்டு எவர்சில்வரில் அவற்றைக் கண்டார்.

அதன்பின் உலோகவியலின் கேள்வி தெளிவாகிவிட்டது. இடப்பிறழ்வே இல்லாத உலோகத்தை மயிரிழை அளவுக்கு மேல் செய்வது நடைமுறையில் மிகக் கடினம். ஆகவே பலம் வேண்டுமென்றால் ஒரே வழி, இருக்கும் இடப்பிறழ்வுகளை நகரவிடாமல் மறிப்பது. மறிப்பதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்குமே இன்னொரு குறையைக் கொண்டுதான் நடக்கின்றன.

முதல் வழி: இடப்பிறழ்வுகளைப் பெருக்குவது

கம்பியை வளைக்கும்போது இடப்பிறழ்வுகள் ஓடி வெளியேறிவிடுவதோடு கதை முடிந்தால், கொஞ்ச நேரத்தில் கம்பி குறையற்றதாகிவிட வேண்டும். நடப்பது நேர்மாறு. இரு முனையும் சிக்கிக்கொண்ட ஓர் இடப்பிறழ்வு, விசை பட்டதும் நடுவில் வளைந்து, வட்டமாக விரிந்து, தன்னைப் போல் ஒரு வளையத்தை வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் பழைய இடத்தில் நிற்கும். பிறகு இன்னொன்றை அனுப்பும். 1950இல் சார்லஸ் ஃப்ராங்க், தார்ன்டன் ரீட் இருவரும் இதை விளக்கினார்கள்.

நன்கு சுட்டு ஆறவைத்த உலோகத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகத்தை 10 லட்சம் முதல் 10 கோடி வரை இடப்பிறழ்வுக் கோடுகள் கடந்து போகும். அடித்தும் முறுக்கியும் நன்றாக இறுக்கிய உலோகத்தில் அது 10,000 கோடி முதல் 1 லட்சம் கோடி வரை உயர்கிறது. அப்படி இறுகிய ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தில் உள்ள கோடுகளை எல்லாம் சேர்த்து நீட்டினால் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நிலவுக்குப் போய்த் திரும்பலாம்.

இத்தனை கோடுகள் ஒரே இடத்தில் வெவ்வேறு தளங்களில் ஓடினால் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கோடும் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களை ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் விரித்தும் வைத்திருப்பதால், அருகில் வரும் இன்னொரு கோட்டைத் தள்ளும். ஒற்றை இடப்பிறழ்வு உலோகத்தை மென்மையாக்குகிறது. கோடிக்கணக்கில் பெருகிய இடப்பிறழ்வுகள் ஒன்றையொன்று மறித்து அதையே இறுக்குகின்றன. செம்புக் கம்பியில் மடங்கிய இடம் நிமிர மறுத்தது இதனால்தான். அடுப்பில் சிவந்தபோது அணுக்களுக்கு நகரச் சூடு கிடைத்தது; சிக்கலான பழைய துகள்களுக்குள் சிக்கலற்ற புதிய துகள்கள் முளைத்து வளர்ந்து, கம்பி முழுவதையும் பிடித்துக்கொண்டன. பாத்திரம் அடிக்கும் கன்னார் செம்புத் தகட்டை நடுநடுவே தணலில் காய்ச்சி எடுப்பது இதற்காகத்தான். காய்ச்சாமல் அடித்துக்கொண்டே போனால் தகடு விரிசல் விட்டுவிடும்.

வீடு கட்டப் போட்ட முறுக்குக்கம்பியும் இதே கணக்கு. கம்பியைச் சூடாக்காமல் முறுக்கியே இறுக்கினார்கள். சாதாரண மென்னெஃகுக் கம்பி நெளியத் தொடங்கும் அளவு 250 மெகாபாஸ்கல் என்றால், முறுக்குக்கம்பிக்கு விதித்த தரம் 415 மெகாபாஸ்கல். இன்று அதன் இடத்தை டிஎம்டி கம்பி பிடித்துவிட்டது. அதில் பலம் வருவது வேறு வழியில்: சூடாக உருட்டி வரும் கம்பியின் மேற்பரப்பைத் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். குளிர்வித்தல் என்ன செய்கிறது என்பது அடுத்த வழியில் வருகிறது.

இரண்டாம் வழி: அளவு ஒவ்வாத அணு

தட்டில் ஒழுங்கான திட்டிலிருந்து நாலைந்து ஜவ்வரிசியை எடுத்துவிட்டு அங்கே மிளகை வையுங்கள். மிளகு சற்றுப் பெரிது. சுற்றியுள்ள ஜவ்வரிசிகள் விலகிக் கொடுக்க வேண்டியிருக்கும். வரிசைகள் அங்கங்கே நெளியும். இப்போது பாதி வரிசையை உண்டாக்கித் தள்ளினால், மிளகு இருக்கும் இடத்தில் அது தயங்கி நிற்பதைக் கையே உணரும்.

பித்தளை செம்பைவிட உறுதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். துத்தநாக அணு செம்பு அணுவைவிடச் சுமார் 5 சதவீதம் பெரியது. வெள்ளீய அணு இன்னும் பெரியது. அதனால் வெண்கலத்தில் குறைந்த அளவு வெள்ளீயமே அதிகம் இறுக்கிவிடுகிறது. 24 காரட் தங்கத்தில் வளையல் செய்தால் நெளிந்துவிடும் என்று 916 தங்கத்தில் செம்பும் வெள்ளியும் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

அடுத்து ஒரு கடுகை எடுத்து, மூன்று ஜவ்வரிசிகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் வையுங்கள். கடுகு யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. ஆனால் பெரிய கடுகாக இருந்தால் இடுக்கு போதாமல் மூன்றையும் தள்ளும். இரும்பில் கரி அணு இப்படித்தான் உட்காருகிறது. இரும்பு அணுக்களின் இடுக்கில் அதற்குப் போதிய இடம் இல்லை. அதனால் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த கரியே இரும்பை வேறொரு பொருளாக்கி எஃகு என்று பெயர் வாங்கித் தருகிறது. இடப்பிறழ்வின் விரிந்த பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைப்பதால் கரி அணுக்கள் தேடிப் போய் அங்கே கூடி, அந்தக் கோட்டை இருந்த இடத்திலேயே கட்டிப்போடும். ஆலன் காட்ரெல், புரூஸ் பில்பி இருவரும் 1949இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

கொல்லுப்பட்டறையில் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும் தோய்ச்சலுக்குப் பின்னால் இருப்பதும் கரிதான். செஞ்சூட்டில் இரும்பின் அடுக்கு வேறு மாதிரி அமைந்திருக்கும். அதன் இடுக்குகள் பெரியவை, கரி அங்கே வசதியாகக் கரைந்திருக்கும். மெல்ல ஆறினால் அடுக்கு மாறும்போது கரி வெளியேறிவிடும். தண்ணீரில் முக்கினால் வெளியேற நேரமில்லை. அடுக்கு மட்டும் மாறிவிட, கரி உள்ளே சிக்கி, அடுக்கையே ஒரு பக்கமாக நீட்டிவிடும். இந்த நிலையில் இடப்பிறழ்வு நகர வழியே இல்லாததால் எஃகு மிகக் கடினமாகிறது, கண்ணாடி போல ஒடியவும் தயாராகிறது. அதனால்தான் கொல்லர் மீண்டும் மிதமாகச் சூடு காட்டி, கரியில் ஒரு பங்கை வெளியேறவிட்டு, ஒடியும் தன்மையைக் குறைக்கிறார்.

மூன்றாம் வழி: எல்லைகளைக் கூட்டுவது

தட்டில் இரண்டு திட்டுகள் சந்திக்கும் தையலை நோக்கிப் பாதி வரிசையைத் தள்ளிக்கொண்டு போங்கள். தையலில் அது நின்றுவிடும். அந்தப் பக்கத்து வரிசைகள் வேறு திசையில் ஓடுவதால், நேராகத் தொடர வழி இல்லை. பின்னால் வரும் இடப்பிறழ்வுகளும் அங்கே குவியும்.

ஆகவே துகள்கள் சிறியவையாக இருந்தால் எல்லைகள் அதிகம், மறிப்பும் அதிகம். ஷெஃபீல்டில் ஹால் 1951இலும் லீட்ஸில் பெட்ச் 1953இலும் இதற்கு எளிய விதி கண்டார்கள்: துகளின் விட்டம் நான்கில் ஒரு பங்கானால், எல்லைகளால் கிடைக்கும் பலம் இரட்டிப்பாகும். மற்ற வழிகளில் பலம் கூடும்போது உடையும் அபாயமும் கூடுகிறது. எஃகில் துகள்களைச் சிறிதாக்கினால் மட்டும் பலமும் கூடுகிறது, விரிசலைத் தாங்கும் திறனும் கூடுகிறது. எஃகு ஆலைகள் உருட்டும் சூட்டையும் வேகத்தையும் இவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துவதற்கு இது பெரிய காரணம்.

துகள்களைப் பார்க்க நுண்ணோக்கி எப்போதும் தேவையில்லை. துத்தநாகம் பூசிய தகர வாளியில் பூப்பூவாகத் தெரியும் திட்டுகள் துத்தநாகப் படிகத் துகள்கள்தான். பலர் கை பட்டுப் பட்டு வியர்வை அரித்த பழைய பித்தளைக் கைப்பிடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் பக்கம் பக்கமாகக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் அணு வரிசைகள் வேறு திசையில் நிற்பதால் வெளிச்சம் வேறு விதமாகத் திரும்புகிறது.

மிகுந்த சூட்டில் இயங்கும் இடங்களில் இந்த விதி தலைகீழாகிறது. 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அணுக்கள் எல்லைகளின் வழியே எளிதாக நகரும். துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கும். விமான ஜெட் எஞ்சினின் டர்பைன் இலை இப்படி நீண்டுவிட்டால் ஆபத்து. அதனால் சிறந்த இலைகளை எல்லையே இல்லாமல், ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். வாளியில் உதவும் குறை டர்பைனில் பகை.

நான்காம் வழி: நுண்திட்டுகள்

1906இல் பெர்லின் அருகே ஆல்ஃபிரட் வில்ம், அலுமினியத்தையும் எஃகைப் போலக் காய்ச்சி முக்கி இறுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுமினியத்தில் 4 சதவீதம் அளவு செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து, சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தார். உடனே அளந்தபோது பெரிய மாற்றமில்லை. வார இறுதி கழிந்து மறுபடி அளந்தபோது உலோகம் நன்றாக இறுகியிருந்தது. யாரும் தொடாமல், அறை வெப்பத்தில் சும்மா கிடந்த உலோகம் இறுகியிருந்தது. அன்றைய நுண்ணோக்கியில் முன்னும் பின்னும் ஒன்றுபோலத் தெரிந்தன. அந்தக் கலவைதான் டியூராலுமின். ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடு அதில் எழுந்தது.

காரணத்தை 1938இல் பிரான்சில் ஆந்த்ரே கினியேயும் இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிரால் கண்டார்கள். சூட்டில் அலுமினியத்துக்குள் சீராகக் கரைந்திருந்த செம்பு, சட்டென்று குளிர்ந்ததில் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்றது. பிறகு செம்பு அணுக்கள் மெல்ல ஒன்றுகூடி, ஓரிரு அணு தடிமனுள்ள நுண்ணிய தட்டுகளாகப் படிந்தன. தட்டில் மிளகைச் சிதறவிடாமல் நாலைந்தாகச் சேர்த்துப் பல இடங்களில் வைத்தால் வரும் நிலை இது. இடப்பிறழ்வு ஒவ்வொரு திட்டையும் அறுத்துப் போக வேண்டும், அல்லது வளைந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டுமே கடினம்.

அறை வெப்பத்தில் செம்பு அணுக்கள் எப்படி நகர்ந்தன? தட்டில் முதலில் பார்த்த காலியிடத்துக்கு இங்கேதான் வேலை. உருகுநிலையை நெருங்கும் உலோகத்தில் பத்தாயிரம் அணுவிடங்களில் ஒன்று காலியாக இருக்கும். ஆற ஆற அவை மறையும். சட்டென்று குளிர்வித்தால் மறைய நேரமின்றி ஏராளமாகத் தங்கிவிடும். பக்கத்து அணு காலியிடத்துக்குள் தாவும், அது விட்ட இடத்துக்கு இன்னொன்று தாவும். இப்படித் தாவித்தாவித்தான் செம்பு ஒன்றுகூடியது. ஒரு குறையை இன்னொரு குறை கட்ட, அதை மூன்றாவது குறை நடத்திக் கொடுக்கிறது.

சுத்தமான அலுமினியம் 35 மெகாபாஸ்கல் அளவில் நெளியத் தொடங்கும். டியூராலுமின் வழியில் வந்த 2024 என்ற விமானக் கலவை சுமார் 345 மெகாபாஸ்கல் தாங்கும். எடை ஏறக்குறைய அதேதான், பலம் பத்து மடங்கு. உலோக உடல் கொண்ட பயணிகள் விமானம் பறப்பது இந்த நுண்திட்டுகளால்.

இறுக்கத்துக்கும் ஓர் எல்லை

இடப்பிறழ்வு நகர்வதால்தான் உலோகம் உடையாமல் வளைகிறது. அதை முழுவதும் மறித்துவிட்டால் உலோகமும் பீங்கான்தான். செம்புக் கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் இறுகி இறுகி, ஒரு கட்டத்தில் இனி நகர இடமில்லாமல் விரிசல் விழுந்து ஒடியும். ஆகவே உலோகவியலாளர் எதையும் உச்சத்துக்குக் கொண்டுபோவதில்லை. வெட்டும் விளிம்பு கடினமாக இருக்கட்டும், அதைத் தாங்கும் முதுகு கொஞ்சம் இளகியிருக்கட்டும் என்று ஒரே அரிவாளுக்குள் இரண்டு பதம் வைக்கிறார் கொல்லர். குழியச்சில் அழுத்தி டம்ளர் செய்யும் எவர்சில்வர் தகடு, முதலில் நீண்டு கொடுக்கவும் வேண்டும், நீண்டபின் இறுகி உருவம் காக்கவும் வேண்டும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த எவர்சில்வர் இதில் கெட்டி. அழுத்தம் மிகுந்த இடங்களில் அதன் அணு அடுக்கே கொஞ்சம் மாறி, காந்தத்துக்கு இணங்கும் வகையாகிவிடுகிறது. அப்படிப்பட்ட பாத்திரத்தின் தட்டையான அடியில் ஒட்டாத காந்தம், நன்றாக இழுபட்ட மூலையில் லேசாக ஒட்டுவதைச் சில பாத்திரங்களில் நீங்களே பார்க்கலாம்.

பலமான உலோகம் என்று நாம் சொல்வது குறை குறைந்த உலோகத்தை அல்ல. எந்தக் குறை, எவ்வளவு, எந்த இடத்தில் என்று அறிந்து வைத்த உலோகத்தை. கத்திரிக்கோல், குக்கர், பாலத்துக் கம்பி, விமான இறக்கை என எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதற்குள் இடப்பிறழ்வை மறித்து நிற்பது எது? சக இடப்பிறழ்வா, அளவு ஒவ்வாத அணுவா, துகள் எல்லையா, நுண்திட்டா? அதற்கு விடை தெரிந்தால், அந்தப் பொருளைச் சூடு காட்டலாமா, அடித்து நிமிர்த்தலாமா, எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கும் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.